சிங்கப்பூரிலிருந்து நாலு மணி நேரம்

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் குணசேகரன் சவம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுகிறார். சாவு வீட்டிலிருந்து போன் வந்தால் முதலில் கேட்பது, "புள்ளைங்க எந்த ஊருல இருக்காங்க?" துபாய் என்றால் ஒரு நாளுக்குப் பெட்டி போதும். லண்டன் என்றால் இரண்டு நாள். அமெரிக்கா என்றால் மூன்று நாளுக்கு வேறு யாருக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை.

போன சித்திரையில் பண்ணை வீட்டுப் பெரியவர் இறந்தார். ஒரே மகன் ஹூஸ்டனில். பதினைந்தாயிரம் கிலோமீட்டர், நேர் விமானம் கிடையாது, வீடு வந்து சேர ஒன்றரை நாளாவது ஆகும். குணசேகரனிடம் இருந்த ஒரே பெட்டி அங்கே போனது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் குணசேகரனின் அப்பா மருதையன் இறந்துபோனார். நாற்பது வருஷம் அந்தப் பண்ணை வயலில் உழைத்தவர்.

குணசேகரனின் மகள் எழில்மொழி சிங்கப்பூரில் நர்ஸ். அவளை நர்ஸிங் படிக்க அனுப்பியே ஆக வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டவர் மருதையன்தான்.

"இன்னிக்கு சீட் இல்லப்பா. நாளைக்குக் காலைல ஏறிடுவேன். நாலு மணி நேரந்தான். தாத்தாவ வச்சிருங்க," என்று போனில் அழுதாள்.

குணசேகரன் கும்பகோணத்தில் விசாரித்தார். எல்லாப் பெட்டிகளும் வெளியே போயிருந்தன. பண்ணை வீட்டுக்கு நடந்தார். ஹூஸ்டன் மகன் இன்னும் கிளம்பவே இல்லை என்று வாசலில் பேசிக்கொண்டார்கள்.

"ஐயா, எங்கப்பா தவறிட்டாரு. பொண்ணு நாளைக்கு வந்துரும். பெட்டி வேணுங்க."

பெரியவரின் தம்பி நாற்காலியை விட்டு எழவில்லை. "பேத்திதானே? காரியம் செய்யத்தான் நீ இருக்கியே. எங்களுக்குப் பையன் வந்தாகணும்ல?"

பெட்டி குணசேகரனுடையது. ஆனால் உள்ளே ஒரு மனிதர் படுத்திருந்தார். அவரைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்து ஐஸ் பார் வாங்கி அப்பாவைச் சுற்றி அடுக்கினார். வெயிலில் மத்தியானத்துக்குள் கரைந்து தெருவில் ஓடியது. சாயங்காலம் ஊர்க்காரர்கள், "இதுக்கு மேல வேணாம்ப்பா," என்றார்கள். இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது.

மறுநாள் ஒரு மணிக்கு எழில்மொழி திருச்சியிலிருந்து காரில் வந்து இறங்கினாள். யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள்.

"பண்ணை வீட்டுல இருக்கறது நம்ம பெட்டிதானேப்பா?"

குணசேகரன் காரிலிருந்து அவள் பையை இறக்கினார்.

"கேட்டீங்களா, கெஞ்சினீங்களா?"

"கேட்டேம்மா."

"கெஞ்சிருப்பீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலை பண்ணை வீட்டிலும் சவத்தை எடுத்தார்கள். மகன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். செல்போனைச் சிதைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்கள். குணசேகரன் போய்ப் பெட்டியை எடுத்து வந்து, ஃபினாயில் ஊற்றிக் கழுவினார்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. எழில்மொழி தன் அம்மா அம்சத்திடம் மட்டும் போனில் பேசுகிறாள். தீபாவளிக்கும் வரவில்லை. "லீவு இல்லையாம்," என்கிறார் அம்சம். குணசேகரன் மறுபடி கேட்பதில்லை.