கலஹா பஸ்ஸில் ஏரிசும் மார்சும்

இன்னைக்கு கலஹா பஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு தங்கச்சி. கையில தலகாணி மொத்தத்துல ஃபேன்டசி நாவல்.

"என்ன கதை?"ன்னு கேட்டேன்.

"சாமிக் கதை அக்கா. கிரேக்கத்துல போர்ச்சாமி ஏரிஸ், வெறும் கோவக்காரன், யாரும் மதிக்கிறதில்ல. அதே சாமி ரோமுக்குப் போனா மார்ஸ். பட்டாளத்து ஒழுங்கு, ஊரே கும்பிடும்."

"ஒரே சாமிக்கு எப்படி ரெண்டு குணம்?"

"எங்கம்மா கண்டியில சிங்களவங்க கும்பிடுற கதிர்காமச் சாமி தேவாலயத்துல கைகட்டி நின்னு, பூசாரி கப்புறாளகிட்ட சிங்களத்துல பயந்து பயந்து வேண்டுவாங்க. வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கிட்ட, 'என்னடா, என் புள்ள ஏ.எல். பரீட்சை ரிசல்ட் என்னாச்சு?'ன்னு சண்டை பிடிப்பாங்க. அவரும் இவரும் ஒரே ஆள்தானே?"

அதே தேவாலயத்துல எத்தனை வருஷமா நிக்கிறேன், ஒருநாளும் எனக்கு இது தோணல.

பேராதனையில இறங்குறப்ப, "உன் ரிசல்ட் எப்ப?"ன்னேன்.

"அடுத்த கிழமையாம். ரெண்டு சாமிக்கும் சொல்லி வெச்சிருக்கு."

உங்க வீட்டுல யாருக்கு சீக்கிரம் காது கேக்குது?