மார்லிஸ் கொண்டுபோன சாப்பாடு

அந்த மார்ச் மாதம் மார்லிஸ் டொலஃப்சனுக்குத் தன் சொந்த ஊரே பிடிபடாமல் போயிற்று. மினசோட்டாவில் நார்டல் என்கிற அந்தச் சின்ன ஊரில்தான் பிறந்தாள். அங்கேயே மூன்றாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருஷம் பாடம் எடுத்தாள். பிறகு, தடுமாறுகிற பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் செயலியை விற்கும் கம்பெனியில் சேர்ந்தாள். மொத்தமே ஆறு பேர். ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் நார்டல் பள்ளி மாவட்டம் செயலியை வாங்கினால் கம்பெனி பிழைக்கும், இல்லாவிட்டால் ஜூனோடு மூட்டை கட்டவேண்டியதுதான். ஐம்பத்தாறு வயதில் வேறு எந்த மகராசன் வேலை கொடுப்பான்?

பள்ளி மாவட்டம் டெண்டர் விட்டது. தொண்ணூறு பக்கம். பிள்ளைகளின் விவரங்களை எப்படிக் காப்பீர்கள், பள்ளியின் பழைய கணினிகளில் ஓடுமா என்று கேட்ட கேள்விக்கெல்லாம் மார்லிஸ் விழுந்து விழுந்து பதில் எழுதினாள். முன்னால் இருந்த பொது நிபந்தனைகளை மட்டும் புரட்டிவிட்டுப் போய்விட்டாள். எல்லாம் தெரிந்த மனுஷர்கள்தானே என்கிற தைரியம்.

அதற்கப்புறம்தான் கூத்து. பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்த க்வென், இருபது வருஷத் தோழி, மளிகைக் கடையில் இவளைப் பார்த்ததும் வண்டியை அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். எதை வாங்குவது என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் பள்ளிக் குழுவின் உறுப்பினர் ஓரின் பாக்கி, தேவாலயத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், இவள் பக்கத்தில் போனதும் கோப்பையோடு எழுந்து வெளியே போனார்.

"நான் யாருக்கு என்னங்க செஞ்சேன்?" என்று கணவன் டுவேனிடம் கேட்டாள்.

"நீ வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லியிருப்ப. உனக்கே ஞாபகம் இருக்காது."

"ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப அதான் கோவமோ என்னவோ" என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்லிஸ் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். என்ன யோசித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஓரினுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. நார்டலில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் அண்டை அயலார் ஹாட்டிஷ், அதாவது ஒரே தட்டில் கறியும் கிழங்கும் வைத்துச் சுட்டெடுத்த சாப்பாடு, செய்துகொண்டு போவார்கள். போகாதவர்களைப் பற்றித்தான் ஊர் பேசும். மார்லிஸும் கொத்துக்கறிமேல் உருளைக்கிழங்கு அடுக்கி, சுடச்சுட எடுத்துக்கொண்டு போனாள். கோபம் எதுவாக இருந்தாலும் இதில் கரைந்துவிடும் என்று நினைத்தாள், பாவம்.

ஓரின் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். "எதுக்கு மார்லிஸ் இதெல்லாம்... இப்பப் போயி..." என்று இழுத்தவள், கடைசியில் வாங்கிக்கொண்டாள். வாசலில் நிற்கிறவளைத் திருப்பி அனுப்ப அவளுக்கும் மனசு வரவில்லை.

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது: உங்கள் விண்ணப்பம் நீக்கப்படுகிறது. மார்லிஸ் கடிதத்தோடு நேரே கொள்முதல் அதிகாரி ப்ரூயட்டிடம் போய் நின்றாள்.

"சாப்பாடு குடுத்தது ஒரு குத்தமா சார்?"

"டெண்டர் விட்ட நாள்லேருந்து குழு ஓட்டுப் போடற வரைக்கும் உறுப்பினர்கள்கிட்டயோ ஆசிரியர்கள்கிட்டயோ பேசக்கூடாது, எதையும் குடுக்கவும் கூடாது. சந்தேகம்னா எனக்கு எழுதிக் கேக்கணும். பதினோராம் பக்கத்துல இருக்கு மேடம்."

"யாரு சார் உங்ககிட்ட சொன்னது?"

"ஓரின்தான். எழுதிக் குடுத்துட்டாரு. மறைச்சா அவரு பதவி போயிடும்."

குழு ஓட்டுப் போட்ட மறுநாள் சாயங்காலம் க்வென் வீட்டுக்கு வந்தாள். உள்ளே நுழைந்ததும் மார்லிஸைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"மார்க் போடற குழுவுல நானும் இருந்தேன்டி. உன்னோடதுதான் முதல்ல வந்துது. உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதான் ஏழு வாரமா உன் மொகத்தையே பாக்காம இருந்தேன். ஓரினும் அதுக்குத்தான் ஓடினாரு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அதுவும் பேச்சுதானடி."

மார்லிஸுக்குக் கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. ஊரே அவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அவள்தான் வீடு தேடிப் போய்க் கெடுத்துக்கொண்டாள். அப்படியென்றால் நல்லது செய்தவர்கள் யார், கெட்டது செய்தவர்கள் யார்? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. க்வென் தோளில் சாய்ந்து அவளும் அழுதாள். ஜூனில் கம்பெனியை மூடினார்கள்.