ஊர் கேட்டுப் பிடுங்குகிறவள்

பிடுங்குவதற்கு முன் கெங்கம்மா ஒவ்வொரு செடியிடமும் ஊர் கேட்பாள். "நீ எந்தூருமா?" முழங்கால் சேற்றில் குனிந்து, தண்டை இரு விரலால் பிடித்து, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் தலையைச் சாய்ப்பாள். கூட வேலை செய்யும் டில்லிபாபு கரையிலிருந்து கத்துவான்: "ரேசன் கார்டு கீதானு கேளுக்கா!"

வயது ஐம்பத்து மூன்று. ஊரூர் குப்பத்திலிருந்து காலை ஆறே முக்காலுக்கெல்லாம் அடையாறு முகத்துவாரத்துக்கு வந்துவிடுவாள். இருபத்தாறு ஆண்டுகள் தெருத்தெருவாக மீன் விற்றவள். கழுத்தெலும்பு தேய்ந்து, தலைச்சுமை கூடாது என்று டாக்டர் சொன்னபின் கிடைத்தது இந்த வேலை. இதுவும் போனால் வேறில்லை.

முகத்துவாரத்தை மறுபடி நண்டும் பறவையும் வாழும் இடமாக்க ஓர் அறக்கட்டளை பாடுபடுகிறது. விதி ஒன்றுதான்: வெளியூர்ச் செடியைப் பிடுங்கு, உள்ளூர்ச் செடியை விடு. சென்ற வியாழக்கிழமை கெங்கம்மா முப்பத்தொரு அலையாத்திக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டாள். அதற்கு இரண்டு நாள் முன்பு அறக்கட்டளையே பிச்சாவரத்திலிருந்து கொண்டுவந்து நட்டவை.

மேற்பார்வை பார்க்கும் ஜெனிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னக்கா இது!"

"நான் இன்னா பண்ணுவேன் பாப்பா? வேலிகாத்தான் முள்ளு நான் கண்ணாலம் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இங்கியே கீது. அது வெளியூருன்ற. செவ்வாக்கெயம லாரில வந்து எறங்குனது உள்ளூருன்ற."

"வேலிகாத்தான் வெளிநாட்லருந்து வந்துதுக்கா. நூத்தம்பது வருஷம் இருக்கும்."

"அத்தினி வருஷம் இருந்துமா இன்னும் வெளியூரு?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள். கொட்டிவாக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குப்பத்தில் இன்றும் அவளுக்குப் பெயர் கொட்டிவாக்கத்தா.

நெய்வேலிக் காட்டாமணக்குச் செடியும் வெளிநாடுதான் என்று ஜெனிதா சொன்னபோது, "நெய்வேலி எந்த நாட்டுல கீது?" என்றாள் கெங்கம்மா. ஜெனிதா குரலைத் தாழ்த்தி வேறொன்று சொன்னாள்: "இன்னொரு தடவ தப்பாச்சுன்னா உங்கள நிறுத்திடச் சொல்லிட்டாங்கக்கா."

சனிக்கிழமை, மறுபடி நட்ட அலையாத்தி வரிசைக்கு நடுவே புதிதாக ஒரு செடி முளைத்திருந்தது. நான்கு இலை, ஊதா மொட்டு ஒன்று. கெங்கம்மா கை வைக்காமல் ஜெனிதாவைக் கூப்பிட்டாள். ஜெனிதா போனில் படமெடுத்துத் தேடினாள். போன் இரண்டு பெயர் சொன்னது. ஒன்று உள்ளூர்ச் செடி, மற்றது வெளியூர்.

"எனக்கும் தெரிலக்கா. திங்கக்கெழம செடியெல்லாம் தெரிஞ்ச சார் வந்தாதான்."

"அது வரிக்கும்?"

ஜெனிதா உதட்டைப் பிதுக்கினாள். கரைச்சரிவில் இரண்டு ஆடுகள் மேய்ந்தபடி இறங்கிக்கொண்டிருந்தன.

கெங்கம்மா தன் கூடையிலிருந்த களையைக் கீழே கொட்டினாள். கூடையைச் செடியின்மேல் கவிழ்த்து மூடி, அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.