சின்னவளின் ஊசிப் பெட்டி

சின்னவள் ஜெயித்தவை: மாமியார் வீட்டு அலமாரியில் மற்ற டம்ளர்களோடு தன் டம்ளருக்கும் ஓர் இடம், தையல் கடையில் ஜன்னலோர இயந்திரம், மகள் பிறந்த அன்றே அந்தப் பிஞ்சுத் தொடைகளில் பக்கத்துக்கொன்றாக இரண்டு ஊசி. எதுவும் தானாக மடியில் வந்து விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா பெரியவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

சின்னவளிடம் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னலாம். ஊசிப் பெட்டியைத் தொட்டால் சண்டை. பெட்டியிலும் கத்தரிக்கோலிலும் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருப்பாள். தைக்கும்போது விரலில் ஊசி ஏறிவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, துணியை ஒதுக்கி, விரலைக் கட்டி, சொட்டு விழுந்த பலகையை ப்ளீச்சிங் தண்ணீரால் துடைத்த பிறகுதான் மறுபடி மிதிப்பாள்.

"என் ரத்தம் என் சொத்துக்கா. யாருக்கும் பங்கு கிடையாது."

வயிற்றில் பிள்ளை வந்தபோது எடுத்த பரிசோதனையில்தான் தெரிந்தது: கல்லீரலில் ஹெபடைடிஸ் பி கிருமி, அதுவும் பல வருடமாகக் குடியிருப்பது. எண்ணிக்கை அதிகம் என்பதால் கடைசி மூன்று மாதம் மாத்திரை. பிறந்த உடனே பிள்ளைக்குத் தடுப்பூசியும் எதிர்ப்பு மருந்தும். தவறவிட்டால் ஆயுள் முழுக்க அந்தக் கிருமி பிள்ளையிடமும் தங்கிவிடலாம். டாக்டர் இவ்வளவு சொல்லியும் மாமியார் காதில் நின்றது 'தொத்தும்' என்ற ஒற்றைச் சொல்தான். அன்றே சின்னவளின் தட்டும் டம்ளரும் தனியே ஜன்னலுக்குப் போயின.

பெரியவள் பார்க்கப் போயிருந்த அன்று மாமியார் விரலில் சிராய் ஏறியது. எடுப்பதற்கு, பாவம், கைக்கு எட்டிய சின்னவளின் ஊசியையே உருவினார். நிறைமாத வயிறோடு சின்னவள் பாய்ந்தாள்.

"அத்தே! வைங்க அத!"

"ஒரு ஊசிக்கா இந்தக் கத்து கத்துற?"

"நான் குடிச்ச டம்ளர்ல உங்களுக்கு ஒண்ணும் வராது. என் விரலக் குத்தின ஊசியில வரும். டம்ளர ஒதுக்கிட்டு ஊசிய எடுக்குறீங்களே!"

புது ஊசி பிரித்து அவளே சிராயை எடுத்துவிட்டாள். மாமியார் விரலைத் தடவிக்கொண்டே, "வாய் மட்டும் குறைச்சலில்ல" என்று எழுந்துபோய், ஜன்னலில் இருந்த டம்ளரை அலமாரியில் கவிழ்த்தார். அடுத்த வாரம் வீடே போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டது.

மகள் பிறந்தது ஒரு மதியம். ஊசியை ஷிஃப்ட் மாறியதும் போடலாம் என்றார் நர்ஸ். பிரசவக் களைப்பில் கிடந்தவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"கிருமி ஷிஃப்ட் பாக்காது சிஸ்டர். இப்பவே போடுங்க."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே மருந்தெடுக்க ஓடினார்.

அப்புறம் காத்திருப்பு. மற்றத் தவணைகளும் போட்டு முடித்து, மகள் எதையாவது பிடித்து நிற்கும் வயதில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரவேண்டிய வாரம் சின்னவள் தைத்த சட்டையொன்றுக்கு இரண்டுமே இடது கை. பிரித்துத் தைத்தவள் பெரியவள்.

"பாப்பாகிட்ட கிருமி இல்லம்மா. எதிர்ப்பும் நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர்.

சின்னவள் மகளின் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முடிவைப் பெற்றுக்கொண்டதற்காகக் குமாஸ்தா வழக்கம்போல் மை அட்டையை நகர்த்தினார். கல்யாணப் பதிவு முதல் வங்கிக் கணக்கு வரை அவள் வைத்ததெல்லாம் பெருவிரல்தான். அட்டையைத் திருப்பித் தள்ளினாள்.

"பேனா குடுங்க."

"எப்படி கத்துக்கிட்ட?" என்றாள் கூட வந்திருந்த பெரியவள்.

"துண்டுத் துணியில சாக்கட்டியால எழுதித்தான். மொதக் கையெழுத்த நல்ல சேதிக்குத்தான் போடணும்னு வச்சிருந்தேன்க்கா."

மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டு, தையல் ஓட்டும் அதே நிதானத்தோடு தன் பெயரை முழுதாக எழுதினாள். கீழே தேதியும் போட்டாள்: 2022 நவம்பர் 9.