இரண்டு மில்லி கச்சா எண்ணெயும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும்

போன ஜூலையில் நான் தென்காசிக்குப் போனது அருவிக்காக அல்ல. ஒரு கண்ணாடிக் குப்பியை வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் போக வேண்டும், அவ்வளவுதான். நடுவில் நான்கு மணி நேரம் கிடைத்தது. சும்மா உட்கார எனக்கு வராது. குற்றாலம் போனேன்.

குப்பி ஷாகுலுடையது. சென்னையில் என்னோடு ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டம் செய்பவன், தென்காசிக்காரன். உள்ளே இருந்தது இரண்டு மில்லி கச்சா எண்ணெய், வெல்லப்பாகு மாதிரி கெட்டியான வகை. எடுத்த கிணற்றை மூடிவிட்டார்கள், வேறு கிடைக்காது. இதில் ஹெப்டேன் என்ற கரைப்பானை ஊற்றித் தார் போன்ற பகுதியைப் படிய வைத்து, மிஞ்சியதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டால், அமில மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எடை போட்டுச் சொல்லும். பதினெட்டு கார்பன் அமிலங்கள்தான் இதில் அதிகம், குழாயை அரிப்பவை அவைதான் என்பது ஷாகுலின் வாதம். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதுதான். திருவனந்தபுரத்தில் இருக்கும் அந்தக் கருவியில் அவனுக்குக் கிடைத்த நேரம் மறுநாள் காலை பத்து மணி. விட்டால் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அதே நாளில் அவன் தங்கைக்கு நிக்காஹ். அதனால் நான் போனேன்.

ரயில் 7.40க்குத் தென்காசி வந்தது. ஆட்டோவுக்கு 80 ரூபாய். கல்யாண வீட்டு வாசலில் ஷாகுல் குப்பியைக் கொடுத்து, "கீழ போட்டே, கொன்னுருவேன்ல" என்றான். திருவனந்தபுரம் பஸ் 12.15க்கு. குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் 30 ரூபாய். சாரல் இல்லை, சுள்ளென்று வெயில். மெயின் அருவியில் வரிசை பஸ் நிறுத்தம் வரை நின்றது. வரிசை எனக்கு ஆகாது. எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு கொட்டகையில் நுழைந்தேன். 400 ரூபாய். தேய்த்தபின் அரை மணி ஊற வேண்டும் என்றார் கொட்டகைக்காரர் முருகையா அண்ணாச்சி.

ஊறிக்கொண்டிருந்தபோது தார் வாசனை வந்தது. பக்கத்து பெஞ்சில் என் பை, நேர் வெயிலில். திறந்தேன். வெயிலில் எண்ணெய் இளகி, கோணலாக ஏறியிருந்த மூடி வழியே கசிந்திருந்தது. கையுறை அதே பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. மூடியைக் கழற்றி நேராகப் போட முயன்றேன். முழங்கையிலிருந்து வழிந்த எண்ணெய் விரல் நுனிக்கு வந்து, ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. கண்ணால் பார்த்தேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. இந்தக் கொட்டகைகளில் பல இடங்களில் மினரல் ஆயில் கலப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மினரல் ஆயில் என்றால் அதில் அமிலமே இல்லை, கருவிக்கு அது தெரியவே தெரியாது. நல்லெண்ணெய் என்றால் தெரியும். அதன் அமிலங்களும் பெரும்பாலும் பதினெட்டு கார்பன்தான், கொஞ்சம் பதினாறு.

"அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க. இதுல மினரல் ஆயில் எவ்வளவு?"

அவர் முகம் மாறியது. "என்ன கேக்கிய? நான் கலப்படக்காரனா?"

"கலந்திருந்தா சந்தோஷம். பாதிக்குப் பாதியா?"

"இருவது வருசமா தேய்க்கேன். வெல சாஸ்தின்னு சண்ட போட்டவன் உண்டு. கலந்திருக்கணும்னு கெஞ்சுதவன இப்பந்தான் பாக்கேன்."

அடுத்த பெஞ்சில் கவிழ்ந்து கிடந்தவர் தலையைத் தூக்கினார். "சாருக்கு மண்ணெண்ணெய் ஊத்தித் தேயும், அண்ணாச்சி."

"கொஞ்சம் பாரஃபின்கூட இல்லையா?"

"அது மெழுகுவத்திக்கில்லா! இது கீழப்பாவூர் செக்குல ஆட்டுனது. மோந்து பாரும்."

மோந்தேன். எள் வாசனைதான்.

மணி 10.20. சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாவிட்டால் ஷாகுல் எதிர்பார்த்த முடிவு, அவன் எதிர்பார்த்ததைவிட அழகாக வந்திருக்கும். அதுதான் சிக்கல். பத்து நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டேன்.

முழுக்கக் கேட்டான். பின்னால் பாத்திரச் சத்தம்.

"ஏலே, ஒன்ட்ட எதக் குடுத்தேன்?"

"குப்பி."

"எண்ணெ தேய்க்கப் போவச் சொன்னனா?"

"இல்ல."

"அந்தாளு எண்ணெயையும் வாங்கிக்கோ. தனியா ரன் பண்ணு. எது எதுன்னாவது தெரியட்டும். வாப்பா கூப்பிடுதாவ, வையி."

சீயக்காய் போட்டுக் குளித்து, பையில் இருந்த ஒரு காலிக் குப்பியில் பத்து மில்லி வாங்கினேன். அண்ணாச்சி காசு வாங்கவில்லை. சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு. புளியரை, ஆரியங்காவு வழியாகச் சுமார் 110 கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம். மலை அழகாக இருக்கும் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

மறுநாள் இரண்டையும் கருவியில் விட்டேன். பதினெட்டு கார்பன், முப்பத்து நான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன். நல்லெண்ணெயின் ஒலீயிக் அமிலத்துக்கும், கச்சா எண்ணெயில் வரும் ஒரு வளைய அமிலத்துக்கும் இதே சூத்திரம், இதே எடை. எவ்வளவு விலையுள்ள கருவியானாலும் இந்த இரண்டையும் எடையை வைத்துப் பிரிக்காது. ஷாகுல் பதினாறு, பதினெட்டு கார்பன் கோடுகளை அட்டவணையிலிருந்து அடித்துவிட்டான். வாதமும் அதோடு போனது. மிஞ்சியதை வைத்து அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறான்.

போகிறவர்களுக்கு: வார நாளில், காலை ஏழுக்குள் அருவிக்குப் போய்விடுங்கள். அருவியில் எண்ணெய், சோப்புக்கு அனுமதி இல்லை. கொட்டகையிலேயே குளித்துவிட்டு இறங்குங்கள். பையை நிழலில் வையுங்கள். அடுத்தவன் பொருள் கையில் இருந்தால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேராகப் போங்கள். முருகையா அண்ணாச்சியிடம் தைரியமாகத் தேய்த்துக்கொள்ளலாம். சுத்தமான நல்லெண்ணெய், அளந்து பார்த்துவிட்டேன்.

ஷாகுல் நேற்று அத்தியாயத்தின் வரைவை அனுப்பினான். நன்றியுரையில் என் பெயர் இல்லை. அட்டவணைக்குக் கீழே, அந்தக் கோடுகள் ஏன் இல்லை என்ற அடிக்குறிப்பில் இருக்கிறது.