டிராக்டர் இல்லாமல் நகரும் விமானம்

சிதம்பரம் பஸ் நிலையத்தில் பிச்சாவரம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் கடலூர் செம்மண்டலத்துக்காரர் ஒருவர் தன் மச்சானின் செல்போனைக் கண்ணுக்கருகே பிடித்திருக்கிறார். சென்னை விமான நிலையத்தில் விமானங்களைப் பின்னால் தள்ளும் டிராக்டரை ஓட்டுபவர் அவர். வீடியோவில் ஒரு விமானம் டிராக்டர் இல்லாமல், இன்ஜினும் ஓடாமல் பின்னால் நகர்கிறது.

"எங்கியாவது கம்பி மாட்டியிருப்பான்" என்று முன்சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். கம்பி இல்லை.

"சக்கரத்துலயே கரண்ட் மோட்டார் வச்சிட்டான் மாமா. இனிமே நீ பிச்சாவரத்துல படகு தள்ளு" என்கிறான் மச்சான்.

அவர் சிரிக்கவில்லை. நான் பத்திரிகைக்காரன் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்ததால் என்னிடம் திரும்புகிறார்.

"நெசமா சார்?"

"நெசந்தாங்க. வெளிநாட்டுல ஓட்டிப் பாத்திருக்காங்க. இங்க வந்ததா தெரியல."

"வராமலா எங்க சூப்பர்வைசர் கேக்காமலே ஒரு வாரம் லீவு குடுத்தாரு? பொங்கலுக்குக் கேட்டே குடுக்காத மனுசன். நல்லா ரெஸ்ட் எடுன்னு வேற சொன்னாரு."

பஸ் வருகிறது. மச்சான் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறான். மாமா ஏறவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, கடலூர் வழியாகச் சென்னை போகும் பஸ்ஸை நோக்கி நடக்கிறார்.

"மாமா! அக்கா நண்டு ஆக்கி வச்சிருக்கு!"

"நீங்க துன்னுங்கடா. என் வண்டி நின்ன எடத்துல நிக்குதான்னு பாத்துட்டு வரேன்."