மகேஸ் கள்ளன் இல்லை

மகேஸ் தம்பியை அடித்தே கொன்றுவிட்டார்கள்...

தெரணியகலை டவுனில் கம்பியூட்டர் திருத்தும் நம்ம மகேஸ். நேற்றுக் காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே இரும்புக் கம்பியோடு வந்திருக்கிறார்கள். மண்டை பிளந்து வாசலிலேயே உயிர் போய்விட்டது. கையில் இருந்த போனையும் விடவில்லை, நசுக்கிப் போட்டிருக்கிறார்கள்.

போன வருசம், கோயில் கணக்குப் போடும் என் கம்பியூட்டர் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு நின்றுவிட்டது. "அதப் படம் எடுத்து அனுப்புங்கக்கா" என்றான். நானாகப் படித்துக்கொண்டவள்தானே... பிரின்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன்.

"விண்டோஸே இன்னும் எந்திரிக்கலக்கா! தூங்குறவன்கிட்ட போட்டோ புடின்னா புடிப்பானா? போன்ல எடுங்க."

எடுத்து அனுப்பினேன், கறுப்புத் திரையில் என் முகமும் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கிறது. "எழுத்தக் காணோம், ஒங்க திருநீறுதான் பளிச்சுனு தெரியுது!" ஒரே சிரிப்பு.

அவனிடம் எந்த மெஷின் வந்தாலும் விண்டோஸ் வருவதற்கு முன்பே, ஹார்ட் டிஸ்க் நம்பர் தெரியும் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்வான். சொந்தக்காரர் கண் முன்னாலேயே. சாமானை மாற்றிவிட்டாய் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

போன வாரம் ஒரு லொறிக்காரன் அதையேதான் சொன்னான்.

"டிஸ்க்க மாத்திட்டியேடா, கள்ளப் பயலே!" கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. உதடு கிழிந்து ரத்தம். கடையில் அவர்கள் இரண்டு பேரும் நானும் மட்டும்தான்.

மகேஸ் வாயைத் துடைத்துக்கொண்டு லொறிக்காரனுடைய லெப்டொப்பைப் போட்டான். முன்பு எடுத்த படத்தை என்னிடம் நீட்டினான். "கணக்குப் பாக்குற ஆளு நீங்க. வாசிங்கக்கா."

எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசித்தேன். திரையிலும் அதே நம்பர்தான்.

"பொம்பளய வச்சு என்னய அசிங்கப்படுத்துறியா? இரு, வாறேன்."

ஆட்களோடு வந்துவிட்டான்...

இன்று பேஸ்புக்கில் சிலர் "கள்ளனுக்குச் சரியான அடி" என்று எழுதுகிறார்கள். அதை வாசித்துவிட்டு மகேஸின் பொஞ்சாதி போனில் கதறினாள். "நீங்க பாத்தீங்கதானேக்கா? படமும் போயிருச்சே..."

"ஒனக்கெதுக்கு இந்த வம்பு? லயத்து வீட்டுக்கே வந்து வெட்டுவானுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பொலிஸில் லொறிக்காரன் அறைந்ததையும் மிரட்டியதையும் சொன்னேன், நம்பர் சரியாக இருந்ததையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன்.

கதவைப் பூட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் பெயரை மறைக்கவில்லை.

முருகன் காலடியில் போய் இரு, தம்பி...